பதினோரு வயதுப் புதுசு

அந்த வீட்டில் ‘புதுசு’ என்றால் நான்கு கார் டயர்கள். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் சுற்றி, அதற்கும் மேலே ஒரு போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். வீட்டில் ஆளுக்கொரு போர்வை கிடையாது. டயருக்கு உண்டு.

“அம்மா, துடைப்பம் எங்க?”

“புதுசுக்குப் பின்னாடி பாரு.”

“பூனை எங்க போச்சு?”

“புதுசு மேலதான் தூங்குது. அப்பா வர்றதுக்குள்ள இறக்கி விடு. இல்லேன்னா பூனைக்கும் எனக்கும் சேர்த்துத் திட்டு விழும்.”

ஒன்பது வருடமாக அவை புதுசு. அதற்குள் பூனையே இரண்டாவது பூனை. மோட்டாரை ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. படிக்கட்டுச் சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாகிவிட்டது. புதுசு மட்டும் புதுசாகவே இருந்தது.

வாங்கியவர் அப்பா. கார் வாங்குவதற்கு நான்கு வருடம் முன்னாலேயே டயர் வாங்கிய மனிதர். கடைவீதியில் ஒரு டயர்க்கடையை மூடுகிறார்கள், வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று யாரோ சொல்ல, வேலை முடிந்து வருகிற வழியில் நான்கைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். “கார் எங்கங்க?” என்று அம்மா கேட்டாள். “அது வரும்” என்றார்.

வந்தது. ஆனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய கார் விற்கிறவர்களிடம் போய், எஞ்சின் எப்படி, பிரேக் எப்படி என்று உலகம் கேட்கிற எதையும் கேட்காமல், சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, “இந்த அளவு டயர் ஏறுமா?” என்று கேட்பார். செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு காலைத் தேடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒரு தரகர் சிரித்தே விட்டார். கடைசியில் ஒரு சின்ன வெள்ளைக் கார் அகப்பட்டது. அது வரும்போதே நான்கு டயரோடுதான் வந்தது. “இது தேயட்டும்” என்றார் அப்பா. தேய்ந்தது. வரியெல்லாம் அழிந்து தலை வழுக்கையானது மாதிரி ஆனது. அப்போதும் புதுசு படிக்கட்டை விட்டு வெளியே வரவில்லை. ஏனென்றால் புதுசுக்கு வேறொரு வேலையை அவர் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்.

அது அவருடைய ஒரே மகள் சம்பந்தப்பட்டது. சான்றிதழில் அவளுக்கு வேறு பெயர். மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று, “சார், நீங்க போட்ட கூட்டல் தப்பு” என்று சொன்ன நாளிலிருந்து தெருவுக்கே அவள் பட்டாசு. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். ரசாயனம் படித்தவள். மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, அரசாங்கப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, ரிமோட்டில் எதை அமுக்கினால் படம் திரும்பி வரும் என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டயர் விஷயத்துக்கு மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அப்பா வேன் டிரைவர். மருத்துவமனைகளின் அழுக்குத் துணியை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போய், வெளுத்துத் திருப்பிக் கொடுக்கிற கம்பெனி. ஆறு வருடத்துக்கு முன்னால், மகளைக் கல்லூரியில் சேர்க்கிற அன்று அந்த வேனில்தான் கூட்டிக்கொண்டு போனார். பின்னால் பதினெட்டு மூட்டை. கல்லூரி வாசலில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

“சரக்கு வண்டியெல்லாம் பின்வாசல்.”

“சரக்கு இல்லீங்க. பொண்ணு. சேர்க்க வந்திருக்கேன்.”

“எதுவா இருந்தாலும் பின்வாசல்.”

பட்டாசு கதவைத் திறந்து இறங்கிப் போய் வெடித்தாள். நான் என்ன அழுக்குத் துணியா என்று கேட்டாள். காவல்காரர் அசையவில்லை. அப்பா வேனைத் திருப்பி, குப்பைத் தொட்டிகளுக்கும் விடுதிச் சமையலறைப் புகைக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கும்போது சொன்னார்: “நீ வேலைக்குச் சேர்ற அன்னிக்கு முன்வாசல் வழியாப் போறோம். நம்ம கார்ல. புதுசைப் போட்டுக்கிட்டு.”

அன்றைக்கு அவரிடம் கார் கிடையாது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

பட்டாசு அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால், கண் சொருகும்போதெல்லாம், முகம் தெரியாத ஒரு முன்வாசலை நினைத்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. குக்கருக்கும் குழாய்க்கும் ரப்பர் வளையம் செய்கிற தொழிற்சாலை. அதில் வளையங்களின் தரத்தைச் சோதிக்கிற வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். மலைப்பாதையில் மூன்று மணி நேரப் பயணம்.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நேராக மாடிப்படிக்குக் கீழே போனார். பூனையை இறக்கினார். போர்வையை மடித்தார். பாலித்தீனைப் பிரித்தார்.

“தள்ளு தள்ளு. கையைக் கழுவிட்டு வந்து தொடு.”

டயர் கன்னங்கரேலென்று மின்னியது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பொடிப்பொடி ரப்பர் முடிகள்கூட உதிராமல் இருந்தன.

“பாத்தியா? அப்படியே இருக்கு. இப்பதான் பொறந்த மாதிரி.”

பட்டாசு குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில், எழுத்துக்களுக்கு நடுவே, விரல் நுனி அளவு நீளவட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருந்தது. 2313.

“அப்பா, இது என்ன தெரியுமா?”

“மாடல் நம்பர்.”

“செஞ்ச தேதி. இருபத்து மூணாவது வாரம், பதிமூணாம் வருஷம். இதுக்குப் பதினோரு வயசு.”

“வாங்கி ஒன்பது வருஷம்தானே ஆச்சு?”

“வாங்கும்போதே ரெண்டு வயசு. விக்காமக் கிடந்ததைத்தான் தள்ளி விட்டிருக்கான்.”

அப்பா அந்தக் கடைக்காரரின் பரம்பரையைப் பற்றி முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்துகொண்டார். “சரி, அதனால என்ன? ஒரு அடி ஓடலையே. ஓடாத டயருக்கு எப்படி வயசாகும்?”

“நீங்களும்தான் ஞாயித்துக்கிழமை முழுக்க கட்டில்ல நீட்டி நிமிர்ந்து கிடக்கறீங்க. அன்னிக்கு மட்டும் வயசு நின்னுக்குதா?”

சமையலறையிலிருந்து அம்மாவின் சிரிப்பு வந்தது. “நல்லாக் கேளு.”

“நீ உன் வேலையைப் பாரு” என்றார் அப்பா அந்தப் பக்கம். இந்தப் பக்கம் திரும்பி, “முப்பத்தோரு வருஷத்துல நூறு டயராவது கழட்டியிருப்பேன். எல்லாம் தேஞ்சு செத்துச்சு. வயசாகிச் செத்த டயரை நான் பாத்ததே இல்லை.”

அது பொய்யில்லை. அங்கேதான் கோளாறு. கம்பெனி வேன் ஒரு நாளைக்குப் பத்து மருத்துவமனை ஓடும். அதன் காலில் மாட்டிய டயர் ஒரு வருடம் தாண்டினால் பெரிய விஷயம். முதுமை வரைக்கும் பிழைத்துக் கிடக்கிற டயர் ஒன்று கூட அவர் கையில் அகப்பட்டதில்லை. ஒரு டயர் எப்படிச் சாகும் என்று அவரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எப்படிக் கிழடாகும் என்று அவருக்குத் தெரியாது.

“ரப்பர் சும்மா இருந்தாலும் காத்து அதைத் தின்னுக்கிட்டே இருக்கும்ப்பா. மேல பளபளன்னுதான் இருக்கும். உள்ள காஞ்சு விறைச்சுப் போயிருக்கும். வேகமாப் போறப்ப சூடேறும், மேல்தோல் அப்படியே உரிஞ்சுக்கிட்டுப் போயிடும். அதுவும் மலையில, வளைவுல. ஆறு வருஷம் ஆச்சுன்னாலே வருஷா வருஷம் கடையில காட்டிப் பாக்கணும். பத்துக்கு மேல தொடவே கூடாது.”

“உறைக்குள்ள இருந்துச்சே. காத்து எப்படிப் போகும்?”

“மாசாமாசம் பிரிச்சுப் பிரிச்சுத் துடைச்சீங்களே. காத்து அப்ப வெளியில நின்னு வேடிக்கை பாத்துச்சா?”

உறை என்றால் அந்த வீட்டுக்கு ஒரு தனி மரியாதை. ரிமோட் உறைக்குள் இருந்தது. சுவர்க்கடிகாரம் உறைக்குள் இருந்து மணி காட்டியது. காரின் இருக்கைகளில் ஐந்து வருடமாகப் பிளாஸ்டிக் கழற்றவில்லை. உட்கார்ந்தால் தொடை ஒட்டும், எழுந்தால் தோல் உரியும் சத்தம் வரும். உறையைப் பிரித்தால்தான் பொருளுக்கு வயது தொடங்குகிறது என்று அப்பா மனதார நம்பினார்.

“பாருங்க” என்றாள் பட்டாசு. குரல் ஏறிவிட்டது. “இந்த டயரைப் போட்டா நான் ஏற மாட்டேன். அம்மாவையும் ஏற விட மாட்டேன். நான் பஸ்ல போய்க்கறேன்.”

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பாலித்தீனை எடுத்து மறுபடி சுற்றத் தொடங்கினார். மெதுவாக, மூலை மடித்து.

“சரி. பஸ்லயே போ.”

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது இருவருக்கும் நடுவே மூன்றடி இடைவெளி. அம்மா தபால்காரியானாள்.

“ஏங்க, உங்க மக தண்ணி வேணுமான்னு கேக்கறா.”

“வேணாம்னு சொல்லு.”

“வேணாமாம்டி.”

“காதுல விழுந்துச்சும்மா.”

“விழுந்துச்சாம்ங்க.”

சாப்பிட்டுவிட்டு பட்டாசு செல்போனில் பேருந்து நேரம் பார்த்தாள். திங்கள் காலை ஐந்தே காலுக்கு முதல் பேருந்து. ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது வேலை. விரல் அங்கேயே நின்றது. பேருந்து முன்வாசலுக்கு எதிரிலேயே இறக்கிவிட்டாலும் அது பேருந்துதான். அவர் சொன்ன முன்வாசல் அதுவல்ல. அதற்காக, உரியப்போகிற டயரில் ஏறி மலையிலிருந்து உருளவும் முடியாது. தான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று அவளுக்குத் தெரியும். சரியாகச் சொல்லிவிட்டு இவ்வளவு எரிச்சலாக இருந்தது அவளுக்கு அதுவே முதல் தடவை.

அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து நடுவில் நின்றாள். “ரெண்டு பேரும் வாயை மூடுங்க.”

“யாரும் பேசவே இல்லையேம்மா.”

“அதையும் நிறுத்துங்க. நாளைக்குக் காலையில டயர்க்கடை அக்கா கிட்ட கொண்டு போங்க. அவ ஓடும்னா நீ ஏறு. ஓடாதுன்னா நீங்க விடுங்க. தீந்துது.”

அப்பாவின் முகம் தெளிந்தது. டயர்க்கடை அக்கா அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவள். எப்படியும் தன் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை புதுசு கிளம்பியது. இரண்டு டயர் பின்பெட்டியில். ஒன்று பின்னிருக்கையில். மிச்சம் ஒன்று டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில். அப்பா அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டார்.

“அப்ப நான் எங்க உக்கார்றது?”

“நீதான் இதுல ஏற மாட்டேன்னு சொன்னியே. நட.”

கடை நான்கு தெரு தள்ளி. பட்டாசு வீட்டுக்குள் திரும்பிப் போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினாள். கருப்புக் காலணி. தடித்த அடிப்பாகம், முன்பக்கம் லேசாகக் கூர்மை. கல்லூரி முதல் வருடத்தில் வாங்கிய பரிசுப் பணத்தில் எடுத்தது. முதல் நாள் வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஐந்து வருடமாக மெல்லிய தாளில் சுற்றி வைத்திருந்தாள். திங்கட்கிழமை கடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்றைக்கே கொஞ்சம் நடந்து பழக்க வேண்டும். தாளைப் பிரித்தாள். மேல்தோல் பளபளவென்றிருந்தது. ஒரு கீறல் இல்லை.

அப்பா வழுக்கை டயரில் ஊர்ந்துகொண்டு முன்னால் போக, அவள் பின்னால் விறுவிறுவென்று நடந்தாள். பழைய டயர் பற்றி அக்காவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே நடந்ததால் காலடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

டயர்க்கடை அக்கா வால்வு மூடியை வாயில் கவ்விக்கொண்டே பேசுகிறவள். ஆள் உயர லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு வந்தவள், காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, விருந்தாளியா? பெல்ட்டெல்லாம் போட்டு உக்கார வச்சிருக்கீங்க.”

“புதுசும்மா. நாலும் புதுசு. சும்மா பாத்து, மாட்டி, காத்தடிச்சுக் குடு. என் பொண்ணுக்கு ஒரு சந்தேகம்.”

“சந்தேகம் இல்லை, தேதி இருக்கு” என்றாள் பட்டாசு.

அக்கா பாலித்தீனைக் கிழித்தாள். அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் டயரின் மேல் விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

“எதுல துடைச்சீங்க?”

“டீசல்ல. மாசத்துல முதல் ஞாயிறு. ஒரு மாசம் தவறினதில்லை.”

“எங்க வச்சிருந்தீங்க?”

“படிக்கட்டுக்குக் கீழ. மோட்டார் பக்கத்துல. வெயில் எட்டிக்கூடப் பாக்காது.”

அக்கா வாயிலிருந்த வால்வு மூடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் செய்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“அண்ணே, டீசல் ரப்பருக்கு ஆகாது. மோட்டார் ஓடுறப்ப ஒரு வாடை வரும் பாருங்க, அந்தக் காத்து இன்னும் ஆகாது. நீங்க இதைக் கண்டுக்காம விட்டிருந்தாக்கூட கொஞ்ச நாள் சேர்த்து இருந்திருக்கும். பாத்துப் பாத்தே கொன்னுட்டீங்க.”

“பளபளன்னு இருக்கேம்மா!”

“இருக்கும். இங்க பாருங்க.”

டயரை நிறுத்தி, உள்விளிம்பைக் காலால் மிதித்துக்கொண்டு, எதிர் விளிம்பைத் தன் பக்கம் இழுத்தாள். கறுத்து மின்னிய பக்கவாட்டில், வரிகளின் அடியில், எங்கெங்கோ ஒளிந்திருந்த கோடுகளெல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி இருந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“ஒண்ணை மட்டும் மாட்டிக் காத்தடிச்சுப் பாக்கலாமே?”

“மாட்டேன்.”

“ஏன்?”

“எனக்கு ரெண்டு கண்ணும் வேணும்ணே.”

“ஸ்டெப்னியாவாவது...”

“ஸ்டெப்னியை என்னைக்கு எடுப்பீங்க? நடுவழியில, அவசரத்துல. அந்த நேரத்துல இதையா நம்புவீங்க? கம்பெனி வேனுக்கு இப்படி ஒண்ணை நான் குடுத்தா சும்மா விடுவீங்களா?”

அப்பா காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றார். சின்ன ஆளாகத் தெரிந்தார். பட்டாசுக்கு இந்த இடத்தில் சொல்வதற்கென்று ஒரு பேச்சு தயாராக இருந்தது. நாலு தெருவும் நடந்து நடந்து தீட்டி வைத்த பேச்சு. படிச்சவ சொன்னா கேக்க மாட்டீங்க, மூணாம் மனுஷி சொன்னாத்தான் கேப்பீங்க என்று தொடங்கும். அதை எடுத்துவிடுவதற்காக ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

கால் வந்தது. காலணியின் அடிப்பாகம் வரவில்லை.

அது தரையிலேயே உட்கார்ந்திருந்தது. குதிகால் பாகம் தனியாக, நடுப்பாகம் தனியாக. மற்றக் காலைத் தூக்கினாள். அதிலிருந்து பிஸ்கட் தூள் மாதிரிப் பொலபொலவென்று கருப்பாகக் கொட்டியது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடை வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும், ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு கருப்புத் திட்டு. எறும்புக்கு வழி காட்டுகிற மாதிரி அவள் வந்த பாதை முழுக்கக் கிடந்தது.

அப்பா மெதுவாகக் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அக்கா செய்த மாதிரியே விரலில் வைத்துத் தேய்த்தார். தூளானது. முகர்ந்து பார்த்தார்.

“எதுல வச்சிருந்த?”

“பெட்டியில.” அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “தாள் சுத்தி.”

“எத்தனை நாளா?”

“அஞ்சு வருஷம்.”

“ஒரு அடி நடக்கல?”

“நடக்கல.”

அப்பா அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல வாரம் எங்க போட்டிருக்கு?”

அக்காதான் முதலில் வெடித்தாள். லாரி டயரைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். இதற்கும் ஒரு ரசாயனம் உண்டு. ஈரக்காற்று பட்டால் இந்த மாதிரி அடிப்பாகம் போடாமலே பொடிந்துபோகும். பரீட்சையில் எழுதி, அதற்குப் பத்துக்குப் பத்து வாங்கியவள் அவள். வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, காலணியைத் தாளில் சுற்றி வைத்தவளும் அவள்தான். அதை நினைத்ததும் அவளுக்கும் அடக்க முடியவில்லை.

“உங்க வீட்டுல இன்னும் என்னென்ன புதுசா இருக்கு?” என்று கேட்டாள் அக்கா. “எல்லாத்தையும் ஒரு தடவை கொண்டு வாங்க, பாத்துடலாம்.”

அப்பா சிரிக்கும்போது தோள் மட்டும் ஆடும்; சத்தம் வராது. இப்போது சத்தமே வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் செய்த காரியத்தைத்தான் பட்டாசு பிறகு பல பேரிடம் சொன்னாள். அக்காவிடம் கத்தி கேட்டார்.

“எதுக்குண்ணே? பழைய டயர் எடுக்கறவன் வருவான், போட்டுடலாம்.”

“இப்படியே போட்டா, பளபளப்பைப் பாத்து எவனாவது எடுத்து மாட்டிடுவான். என்னை மாதிரி ஒரு முட்டாள் எங்கயாவது இருப்பான்ல.”

ஒவ்வொரு டயராகப் படுக்கவைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு, பக்கவாட்டில் குறுக்காக அறுத்தார். ஒன்பது வருடம் துடைத்த கை அது. தடுமாறவில்லை. நான்காவதை மட்டும் அறுப்பதற்கு முன்னால் ஒருமுறை தடவிக்கொடுத்தார். பட்டாசு வெறுங்காலோடு நின்றபடி டயரின் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி” என்று எழுந்தார். “இந்த அளவுல என்ன இருக்கு உங்கிட்ட?”

இரண்டு இருந்தது. மற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் மொத்த வியாபாரக் கடையிலிருந்து வந்துவிடும் என்றாள் அக்கா. காசு விவகாரத்தை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அண்ணன் தங்கை முறை எதற்காக இருக்கிறது? ஆனால் அடுத்து நடந்ததை அக்கா எதிர்பார்க்கவில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பாப்பா, இங்க வா. இது என்ன போட்டிருக்கு? படி.”

“போன வருஷம், முப்பத்தெட்டாவது வாரம்.”

“ஒரு வயசு ஆகப்போகுதே!”

“அண்ணே” என்றாள் அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. “ஒழுங்கா வச்சிருந்தா ஒரு வருஷம் ஒண்ணும் பண்ணாது. நான் டீசல்ல குளிப்பாட்டல.”

“இருக்கட்டும். இதைப் பின்னாடி வை. அது என்ன வாரம்? இன்னும் கிட்டத்துல எதுவும் இல்லையா?”

“பாப்பா, இந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிடு. நேத்து வரைக்கும் பதினோரு வருஷத்தைப் புதுசுன்னார். இன்னிக்கு மாசக்கணக்கு கேக்கறார்.”

திரும்பும்போது முன்னிருக்கை காலியாக இருந்தது. பட்டாசு ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டில் டீசல் வாடை அடித்தது.

“பஸ்ல எடம் போட்டுட்டியா?” என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

“இல்லை.”

“ஏன்?”

“நெட்வொர்க் இல்லை.”

“ஓஹோ” என்றார் அப்பா. வீடு வருகிற வரைக்கும் தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம் டயர் வந்தது. சாயங்காலத்துக்குள் நான்கும் மாட்டியாகிவிட்டது. திங்கள் விடிந்தும் விடியாமலும் மூவரும் கிளம்பினார்கள். பட்டாசு காலில் கல்லூரிக்குத் தினமும் போட்டுப் போட்டு, இரண்டு முறை தைத்த காலணி. நேற்று வரைக்கும் பூனைமுடியும் புழுதியும் படிந்து கிடந்தது. அப்பா ஈரத்துணியால் துடைத்திருந்தார். டீசல் போடவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அம்மா பின்கதவைத் திறந்து ஒரு கணம் யோசித்தாள். பிறகு இருக்கையின் பிளாஸ்டிக் உறையை ஒரு மூலையில் பிடித்து, சர்ரென்று முழு நீளத்துக்குக் கிழித்தாள்.

“ஏய்! ஏய்! என்ன பண்ற?”

“உங்க புதுசெல்லாம் எப்படிச் சாகுதுன்னு பாத்தாச்சு. இதாவது நம்ம உக்காந்து சாகட்டும்” என்று சொல்லிவிட்டு, சுருட்டி வாசலில் எறிந்து, முதல் தடவையாகத் துணி இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தாள். “அட, நல்லா மெத்துன்னு இருக்கே! அஞ்சு வருஷமா இதையா மறைச்சு வச்சீங்க?”

மலைப்பாதையில் பத்தொன்பது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டயர் தரையைப் பிடித்துக்கொள்வது உட்கார்ந்திருக்கிற இடத்தில் தெரிந்தது. ஆறாவது வளைவுக்குப் பிறகு அப்பா விசிலடிக்கத் தொடங்கினார். பட்டாசு ஜன்னலைத் திறந்து காற்றில் கையை நீட்டினாள். “கையை உள்ள எடு, நீ இன்னும் வேலைக்குச் சேரல” என்றாள் அம்மா.

எட்டே முக்காலுக்குத் தொழிற்சாலை தெரிந்தது. பெரிய இரும்புக் கதவு, பக்கத்தில் காவல்கூண்டு, குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்புக் கம்பு. அதற்கு முன்னால் ஒரு சரக்கு லாரி நின்றது. காவல்காரர் அதைக் கையசைத்துப் பக்கவாட்டுச் சந்துக்கு அனுப்பினார். அப்பாவின் விசில் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் இறுகின. பட்டாசு தன் பக்கத்துக் கதவுப் பிடியில் கையை வைத்துத் தயாராக இருந்தாள்.

காவல்காரர் குனிந்தார். “யாரைப் பாக்கணும்?”

“யாரையும் பாக்க வரல” என்றார் அப்பா. “பொண்ணு இன்னிக்கு வேலைக்குச் சேர்றா. தரம் பாக்கற பிரிவு.”

பட்டாசு கடிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். காரை முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை கீழே டயரில் வந்து நின்றது. பழைய காருக்கு அடியில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது.

“வண்டி புதுசா?”

“வண்டி பழசுதான். டயர் புதுசு” என்றார் அப்பா. “முன்னாடி ரெண்டும் பதினோரு வாரம்.”

காவல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பைத் தூக்கினார். அப்பா கியரைப் போட்டு, மிக மெதுவாக, ஆள் நடப்பதைவிட மெதுவாக, முன்வாசலைக் கடந்தார். பின்னால் ஒரு பெரிய கார் ஹாரன் அடித்தது.

“அடிக்கட்டும்” என்றாள் பட்டாசு. “நீங்க மெதுவாவே போங்கப்பா.”